கோழிச் சத்தத்துக்குப் பயந்து கதவை அடைத்தோம்

கேசட்டுகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேசட் கடை வைத்திருந்தேன். கேட்கிற பாட்டைப் பதிந்து தருவது, கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுவது, இதுதான் என் பிழைப்பு. ஒரு வருடம் மார்கழியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், ஒரு காலை வேளையில் நடந்தது இது.

என் அக்கா நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் உருகி உருகிப் பாடுவாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, கிடார் பைத்தியம். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய நாட்டுப்பாடல் கேசட்டுகள் நாலைந்து அவரிடம் இருந்தன. ஒரு கிடார், ஒரு குரல், வேறு எதுவும் கிடையாது. "பாடறவன் மூச்சு இழுக்கறது கூட கேக்குது பார்றா! கம்பி மேல வெரல் தேயறது கேக்குது பார்றா!" என்று என் காதைப் பிடித்து இழுத்துக் கேட்க வைப்பார். அதே மாதிரி அக்கா பாட்டை ஒரு கேசட்டாகப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

எனக்கும் ஆசைதான். கிடாரின் ஓட்டைக்கு நேராக மைக் வைத்தால் பொம்மென்று அடைத்துக்கொண்டு வரும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். பாடுகிறவர் வாய்க்கு நேரே வைத்தாலோ 'ப' வருகிற இடமெல்லாம் காற்று வந்து அடிக்கும். அதற்கு அக்காவின் வளையல் ஒன்றில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். இதையெல்லாம் செய்து பார்த்துச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஆனால் ஊரில் எங்கே பதிவது? கரும்பு டிராக்டர் போகும், பஸ் ஹாரன் அடிக்கும். மலையில் தெரிந்த வாத்தியார் ஒருவர் லீவில் போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்தார். அக்காவின் இரண்டு வயதுப் பெண் குழந்தையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, விடியற்காலையில் ஒரு ஜீப் பிடித்து மூன்று பேரும் ஏறினோம்.

வாத்தியார் வீட்டில் தளம் போட்ட சின்ன அறை. பேசினால் சுவரெல்லாம் திருப்பிப் பேசியது. அந்த எதிரொலியைக் கொல்ல சுவர் முழுக்கக் கோணிப்பையும் கம்பளியும் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டுக் கோழிகள் வேறு! மாமா ஜன்னலைச் சாத்தி இடுக்கெல்லாம் துணி திணித்தார். என் டேப் ரெக்கார்டர் ஓடுகிற இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் அதோடு நான் வெளி வராண்டாவில் உட்கார்ந்தேன். ஒயர் போகிற கதவிடுக்கையும் பழைய புடவையால் அடைத்தாயிற்று.

குளிரோ குளிர். மாமாவின் விரல் மடங்கவில்லை, கிடார் சுதியில் நிற்கவில்லை. அதற்காக ஒரு இரும்புச் சட்டியில் நெருப்புப் போட்டு உள்ளே வைத்தோம். விறகு படபடவென்று வெடிக்கும், மைக்கில் விழும் என்று, இஸ்திரி போடுகிற அடுப்புக்கரியை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தோம். கரி சத்தம் போடாது. எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம், போங்கள்!

நாலைந்து பாட்டு நன்றாகவே வந்தது. அடுத்த பாட்டு நடுவில் ஜீப் டிரைவர் கதவைத் திறந்து, "டீ ஆறிப் போவுதுங்க" என்று நீட்டிவிட்டார்.

"இன்னாயா நீ? பாடிக்கினு இருக்கும்போது கதவத் தொறக்கறியே!" என்று மாமா குதித்தார். அக்கா வெளியே வந்து டீயைக்கூடத் தொடாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தல விண்ணு விண்ணுனு தெறிக்குதுடா தம்பி. வாந்தி வர மாரி இருக்குது."

"வளைவு வளைவா ஏறி வந்தோம் இல்ல, அதான். இந்தத் தாலாட்ட மட்டும் முடிச்சிட்டு வந்து படுத்துக்கோ" என்றார் மாமா. நானும் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டு உள்ளே அனுப்பினேன். இந்த முறை மாமா உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்.

தாலாட்டு ஆரம்பித்தது. ஹெட்போனில் அக்கா என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. போகப் போகக் குரல் தணிந்து, இழுத்து, ஒரு வரியையே இரண்டு தரம் பாடினாள். அடடா, என்ன உருக்கம் என்று கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கிடாரும் மெதுவானது. விரல் தடுமாறியது, அக்காவின் சுதி கீழே கீழே இறங்கியது. சரி, பேட்டரி செத்துவிட்டது, டேப் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துப் புதுப் பேட்டரியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

விட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

பதிவாகும்போது ஹெட்போனில் கேட்பது டேப்பில் இருப்பது அல்லவே! மைக்கிலிருந்து நேராக வருவது. பேட்டரி செத்து டேப்பே நின்றாலும் அதில் பாட்டு மெதுவாகாது. அப்படியென்றால் மெதுவாகிக்கொண்டிருப்பது மிஷின் இல்லை. ஐயோ, உள்ளே இருக்கிற இரண்டு பேரும்தான்!

டங்கென்று கிடார் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டே இல்லை. அக்காவின் மூச்சு மட்டும் குறட்டை போல வந்தது. மாமா ஆசைப்பட்ட மாதிரியே அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கடவுளே, அந்தச் சத்தம்!

கதவைக் குத்தினேன், உதைத்தேன். டிரைவர் ஓடி வந்தார். "இன்னாங்க ஆச்சி? நவுருங்க, நவுருங்க!" என்று ஜீப்பிலிருந்த ஜாக்கி ராடால் நெம்பிக் கதவைப் பெயர்த்தார். உள்ளே துளிப் புகை இல்லை. சட்டியில் கரி சத்தமில்லாமல் சிவந்து கிடந்தது. அக்கா சுவரோரம் சரிந்து கிடந்தாள். மாமா கிடார் மேலேயே குப்புற விழுந்திருந்தார்.

இருவரையும் வாசலுக்கு இழுத்துப் போட்டோம். குளிர்காற்று பட்டதும் மாமா வாந்தியெடுத்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் குழறினார்: "டேப்பு ஓடுதா?"

அக்கா புருஷன் என்றும் பார்க்காமல் கையை ஓங்கிவிட்டேன். அக்கா அசையவே இல்லை.

அந்த மலைப்பாதையில் ஜீப் இறங்கியதை என்னால் மறக்கவே முடியாது. அக்கா தலை என் மடியில். "அக்கா, பாப்பா அழுவுது, எந்திரி அக்கா" என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கள்ளக்குறிச்சியில் ஆக்சிஜன் வைத்த டாக்டர் எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார். "கரி நெருப்போட விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாதுய்யா. ரூமை இப்படி அடைச்சா என்ன ஆவும்? இன்னொரு பாட்டு பாடியிருந்தா ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டுதான் போயிருக்கணும்."

சாயங்காலம் அக்கா கண் விழித்து, "பாப்பா சாப்டுச்சா?" என்றாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று நான் ஓவென்று அழுதேன். வெட்கமே படவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாமா கடைக்கு வந்து அந்த டேப்பைப் போடச் சொல்லிக் கேட்டார். அது பாட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் பதிந்திருந்தது. அக்காவின் குரல் தணிகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, கேசட்டுக்குள்ளிருந்து டேப்பை முழுக்க உருவி எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் ஒரு வருடம் கிடாரைத் தொடவில்லை.

மறு வருடம் அக்காதான் வற்புறுத்தினாள். அதே மலையில், கரியாலூரில், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போட்டுப் பதிந்தோம். தாலாட்டு நடுவில் கோழி ஒன்று கொக்கரிக்கிறது. அதை அழித்துவிட்டு இன்னொரு முறை பாடலாம் என்றேன். "கத்தட்டும் வுடுடா. காத்து வருதுன்னு அர்த்தம்" என்றாள் அக்கா.

இப்போதெல்லாம் துளி இரைச்சல் இல்லாமல் பாட்டு வருகிறது, எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்த பிறகுதான் பாட்டே காதில் ஏறுகிறது.