வெயில் கேட்ட ஜெபம்

எங்கள் கோவிலில் ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மழைக்காக ஜெபம் பண்ணுவார்கள். கோவில் என்று நான் சொல்வது வேதக்கோவில். வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே, ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம். அதில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர்கள். மீதிப் பேர் எங்களைப்போலப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு மழையைக் கேட்பார். காட்டுக்காரர்கள் பக்கமிருந்து கூரை இடியும்படி ஆமென் வரும். எங்கள் பக்கம் ஒருத்திக்கு இருமல் வரும், இன்னொருத்தி சேலையைச் சரிபண்ணுவாள். மழை பெய்தால் ஆலையில் வேலை கிடையாது. மருந்து காயாது, காகிதம் நமத்துப்போகும், போர்மேன் வாசலிலேயே நின்று எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் எங்கள் வாயிலிருந்து ஆமென் எப்படி வரும்?

ஒரு வருஷம் உபதேசியாருக்கே இது பொறுக்காமல், இரவில் மழையும் பகலில் வெயிலும் தாரும் என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு ஜெபம் பண்ணினார். கோவிலே சிரித்துவிட்டது. அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஆமென் சொன்னோம்.

எங்களுக்குப் பிள்ளையில்லை. வீட்டில் இரண்டே பேர்தான், நானும் என் வீட்டுக்காரரும். நான் பிறவியிலேயே வேதக்காரி. அவர் என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். எடுத்தாரே தவிர, கோவிலில் எப்போதும் கடைசிப் பாயில், கழற்றிப்போட்ட செருப்பு கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். ஜெபம் நீண்டுபோனால் பெண்கள் பக்கம் திரும்பி எனக்குக் கண்ணைக் காட்டுவார். வீட்டில் ஜெபம் என் இலாகா. காலையில் எழுந்ததும் அடுப்புக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டுவிடுவேன். அவர் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் சொல்லவந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், சீசன் மும்முரமாக இருந்த நேரத்தில், மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் வேலையில்லை. அவருக்குச் சும்மா இருக்க வராது. முதல் நாள் மின்விசிறியைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது அது முன்னைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. அடுத்து அடுக்களைக்குள் புகுந்து பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கினார். ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்கவேண்டும் என்று, இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் ரசம் வைக்கிற எனக்கே சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒன்பதாம் நாள் காலையில் முழங்கால் போட்டு, அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, நாளைக்கு நல்ல வெயிலைத் தாரும். இவரை வேலைக்கு அனுப்பும். என்னால் தாங்கமுடியவில்லை."

அவருக்குச் சிரிப்பில் காபி புரையேறிவிட்டது.

மறுநாள் வானத்தில் ஒரு மேகம் இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பெனி வேனில் ஏறியதும் முதல் வேலையாக அவர் என் ஜெபக் கதையை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஆண்டவருக்கே இவளைக் கண்டால் பயம் என்றார். இனிமேல் வானிலை அறிக்கை கேட்கவேண்டாம், இவளைக் கேட்டால் போதும் என்றாள் ஒருத்தி. வேன் முழுக்க ஒரே கேலி. நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

வானத்தில் போய் வெடிக்கிற வெடிகளுக்குள் வைப்பதற்காகச் சின்னச் சின்ன உருண்டைகள் பிடிப்பார்கள். மணி மருந்து என்று பெயர். மேலே சிவப்பும் பச்சையுமாகச் சிதறுவது அதுதான். அதை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஈரம் குடித்த மருந்தில் சடாரென்று வெயில் பட்டால் தன்னாலேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் ஒன்பது நாள் வேலை நின்றிருந்தது, ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. ஷெட்டுக்குள் நமத்துக் கிடந்த அத்தனை மணி மருந்தையும் ஒரேயடியாகக் களத்துக்குக் கொண்டுவந்து பரப்பினார்கள். போர்மேன் சொன்னார், ஆட்கள் செய்தார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. களத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

நான் அந்தக் கோடியில் திரி வைக்கிற அறையில் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் தரை அதிர்ந்தது. சத்தம் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வேலிப்பக்கம் ஓடவேண்டும் என்பது எங்களுக்குப் பழக்கம். ஓடினோம். வேலியோரம் நின்று ஒருத்தியை ஒருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டோம். காயவைக்கிற களத்திலிருந்துதான் புகை வருகிறது என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் தட்டு எடுக்க ஷெட்டுக்குள் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் களத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

மதுரையில் தீக்காய வார்டில் சேர்த்தார்கள். உடம்பில் முக்கால்வாசி வெந்திருந்தது. கட்டிலுக்கு மேலே வலையைக் கூடாரம்போல் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் அதிகம் படாமல் இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. அதனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தீக்காயக்காரர்கள் முதல் சில நாள் அப்படித்தான் தெளிவாகப் பேசுவார்கள் என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு மனசில்லை.

இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். விபத்துக்கு உனக்குத் தெரிந்த காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். நமத்த மருந்து, அவசரம், போர்மேன் எல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் என் மனதில் அதெல்லாம் ஒரு காரணமாகவே நிற்கவில்லை. வெயிலைக் கேட்டது நான். கேட்டது கிடைத்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. வார்டுக்கு வெளியே நடையில் முழங்கால் போட்டு, முக்காடு இட்டு, கண்ணை மூடிக்கொள்வேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கி நடப்பார்கள். நான் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மறுபடி எதையாவது கேட்டுத் தொலைப்பேன், அது எந்த ரூபத்தில் வந்து சேருமோ என்று பயந்து கிடந்தேன். ஆண்டவர்மேல் கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது. அவர் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. உபதேசியார் வந்து சுகத்துக்காக ஜெபித்தார். என் வாய் தானாக ஆமென் சொன்னது, எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, முதல் நாளே வந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். சாமி கும்பிடுகிற வீடு. தம்பி வேதத்துக்குப் போன கோபத்தில் என்னோடு ரொம்ப வருஷம் சரியாகப் பேசாதவர். மதினி தன் முந்தானையில் திருநீறு முடிந்து கொண்டுவந்திருந்தார். வலைக்குள் எதையும் பூசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை அவிழ்க்காமல் முடிச்சோடு தன் மடியிலேயே வைத்துக்கொண்டு நடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கண்ணை மூடியதும் பேச்சை நிறுத்திவிடுவார். என் ஜெபத்தை அம்புட்டு நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னால் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். நான் வலைக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் கேட்டது நான்தான், என் பாவம்தான் உங்களை இங்கே கொண்டுவந்து போட்டது, இனி எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பேன் என்று அழுதேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, நானும்தான் கேட்டேன். முந்துன நாளு மாரியம்மன் கோயில்ல போயி சூடம் ஏத்திட்டு வந்தேன். உங்கிட்டச் சொன்னா வைவன்னு சொல்லல. மழை குடுக்கிறவகிட்டயே போயி வெயிலு குடுன்னு கேட்டுருக்கேன் பாரு."

சிரிக்கப் பார்த்தார். நெஞ்சு இழுத்ததும் வலியில் முகம் கோணிப்போனது. ஞானஸ்நானம் எடுத்த மனுஷன் திருட்டுத்தனமாகச் சூடம் ஏற்றியிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"சிவகாசி பூராவும் அன்னைக்கு வெயிலத்தான் கேட்டுச்சு," என்றார். "நீ ஒருத்தி கேட்டா வந்துச்சு? இப்ப ஒண்ணும் கேக்க வேண்டாம். சும்மா கூட இருக்கச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. மருந்துக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றவர். நான் அங்கேயே முழங்கால் போட்டேன். வழக்கமாக ஜெபத்துக்கு என்று எனக்கு ஒரு பாஷை உண்டு. தேவரீர், அடியாள், தந்தருளும் என்று தடதடவென்று வரும். அன்றைக்கு அதில் ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது.

"ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. இங்கனயே இருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் சொல்வதும் நின்றுவிட்டது. அந்த வார்டில் எப்போதும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள், அன்றைக்கும் கத்தினார்கள். ஆனால் என் நெஞ்சுக்குள் நாலு நாளாக அடித்துக்கொண்டிருந்தது அடங்கியிருந்தது. யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது போலவே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவர் தூங்கியிருந்தார். சமாதானம் என்ற சொல்லைக் கோவிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கஷ்டமெல்லாம் தீர்ந்தபிறகு வருவது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு கஷ்டமும் தீரவில்லை, டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனாலும் வந்தது.

அதற்குப் பிறகு நான் உயிரைக் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவேண்டாம். மணிக்கு ஒரு தடவை கேட்டேன். கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். ஆனால் கேட்டு முடித்தபிறகு பயந்து ஓடவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதை ஆண்டவரிடமும் சொல்லிக்கொண்டேன், நான் ஒருத்தி கேட்டதால் வெயில் வரவில்லை என்று. அப்படியானால் நான் கேட்டும் உயிர் தராமல் போகலாம். அதையும் என் கணக்கில் எழுதமாட்டீர்கள் அல்லவா என்று கேட்டேன். பதில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி மட்டும் கூடவே இருந்தது.

பதினோராம் நாள் காலையில் மூச்சு மாறிவிட்டது. டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார். மதினி என் கையைப் பிடித்து, "கேளுத்தா, உசுரக் கேளு, நீ கேட்டா குடுப்பாரு" என்று அழுதார். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் கட்டிலில் கிடந்தவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டால் அது எனக்காகத்தான், அவருக்காக இல்லை. குனிந்து அவர் காதுப்பக்கம், ஆண்டவருக்கும் அவருக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னேன், "நான் விடுறேன். நீங்க வாங்கிக்கோங்க." மதினி என் கையை உதறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அடக்கத்தில் நான் கதறவில்லை என்று ஊரில் பேசினார்கள். கல் நெஞ்சு என்றார்கள். அழுகை ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ரசம் கூட்டும்போது வந்தது. புளியைக் கரைத்த கையோடு தரையில் உட்கார்ந்து கூரை அதிர அழுதேன். இன்றைக்கும் வருகிறது. அமைதி வந்துவிட்டால் துக்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

மதினி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. உயிரைக் கேட்கச் சொன்ன நேரத்தில் விடுகிறேன் என்று சொன்னவளை எப்படி மன்னிப்பார்? வருஷம் திரும்பிய அன்று தானாகவே வந்தார். தம்பிக்குப் பிடித்த சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். மதினி பொட்டலத்தைப் பிரித்துக் கல்லின் மேல் வைத்தார். எறும்பு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நெசமாச் சொல்லு. அவன் இப்ப எங்கன இருக்கான்?"

உபதேசியாராக இருந்தால் உடனே பரலோகம் என்றிருப்பார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கன இருக்காகன்னு எனக்குத் தெரியாது மதினி. யாரு கையில விட்டேன்னு தெரியும்."

மதினி கல்லின் மேல் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டார். பிறகு, "அவரு நல்லாப் பாத்துக்கிடுவாரா?" என்று கேட்டார்.

"பாத்துக்கிடுவாரு" என்றேன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.