ஸ்டெல்லாவின் சமையலும் தர்மதாஸ் சாரின் இலையும்

செஞ்சியில் கோட்டை மலைக்குக் கீழே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் ஸ்டெல்லா. எனக்கு மருமகள் முறை. என் சித்தப்பா மகள் ராயம்மாளுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். நடுவுள்ளவள் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போய்விட்டாள். கடைக்குட்டிதான் ஸ்டெல்லா. எட்டாவது வரைக்கும் படித்தாள். அதற்கு மேல் படிப்பும் அவளைக் கேட்கவில்லை, அவளும் படிப்பைக் கேட்கவில்லை. லாரி ஓட்டுகிற அலெக்சாண்டருக்குக் கட்டிக்கொடுத்தோம். பிள்ளை ஒன்றே ஒன்று, அருள்ஜோதி.

ஸ்டெல்லாவுக்குக் குரல் பெரிது. சமையல் கூடத்தில் நின்று கூப்பிட்டால் கடைசி வகுப்பில் இருக்கிறவன் எழுந்து நிற்பான். ஆனால் சமையலைப் பற்றி யாரிடமும் வாய் திறந்து கேட்கமாட்டாள். சாம்பார் எப்படி, உப்பு சரியா என்றெல்லாம் கேட்கிற வழக்கமே இல்லை. பிள்ளைகள் கழுவப் போகும்போது வாசலில் நின்று தட்டைப் பார்ப்பாள். தட்டு சொல்லிவிடும். மிச்சம் வைத்தவனைப் பெயர் சொல்லிப் பிடித்து, "ஏன்டா, காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைப்பாள். அவள் சோறு பிடிக்காமல் ஒருவன் மிச்சம் வைப்பான் என்பதை அவள் ஒப்புக்கொண்டதே கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மனசு கெட்டுப்போகும். அது ஆண்டு விழா நாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழா அன்று ஆட்டம் பாட்டு எல்லாம் முடிந்த பிறகு வாழை இலை போட்டு விருந்து. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகிறவர்கள் அல்லவா, அவர்கள்தான் வாத்தியார்களுக்குப் பரிமாறுவார்கள். எந்த வாத்தியார் இலை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வாத்தியார் இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தால் அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை நன்றாக வரும் என்று பிள்ளைகளுக்குள் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. வாத்தியார்களுக்கு இந்த விஷயம் தெரியவும் தெரியாது.

இதில் ஒரே ஒரு இலைக்கு மட்டும் பிள்ளைகள் பயப்படுவார்கள். அது டிரில் வாத்தியார் தர்மதாஸ் சாருடைய இலை.

தர்மதாஸ் சார் சமணர், நயினார் வீட்டுப் பிள்ளை. வெங்காயம், பூண்டு, கிழங்கு என்று மண்ணுக்கு அடியில் விளைகிற எதையும் தொடமாட்டார். பொழுது சாய்ந்தால் அவர் வாயில் எதுவும் போகாது. விருந்தோ விளக்கு வெளிச்சத்தில். மற்ற வாத்தியார்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது இவரும் மரியாதைக்கு ஒரு இலை முன்னால் உட்கார்ந்து, அதில் ஒரு சிட்டிகை உப்போடு, எல்லாரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பந்தி முடிந்ததும் சுத்தமான இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். அந்த இலையை எடுக்கிறபோது ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு வருஷம் அவரிடமே கேட்டுவிட்டாள். "எங்களுக்கும் தவக்காலம்னு ஒண்ணு இருக்குது சார். ஆனா நாப்பது நாளு. ஒங்களுக்கு இன்னா சார், ஆயுசு முழுக்கவா?"

"பகல்ல போடும்மா, நீ போறும் போறும்னு சொல்ற வரைக்கும் சாப்புடுறேன்" என்றார் அவர்.

"பகல்ல நீங்க வூட்லேர்ந்து டப்பா எடுத்தாறீங்க."

"சத்துணவு புள்ளைங்களுக்கும்மா. நான் சாப்புட்டா அது திருட்டு."

அவரை என்ன செய்வது?

இந்த வருஷம் அருள்ஜோதி பத்தாம் வகுப்பு. சீட்டுக் குலுக்கிய அன்று நான் ஸ்டெல்லா வீட்டில் இருந்தேன். பெண் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "எனக்கு நயினார் சாரு வந்துட்டாரும்மா" என்று ஓவென்று அழுதாள். "எல்லாரும் சிரிக்கிறாளுங்க. ஒனக்கு வேலையே இல்லடி, உப்ப வெச்சுட்டு ஒக்காந்துக்கோன்றாளுங்க. போன வருசம் சாருக்கு எல போட்ட அக்கா கணக்குல ஃபெயிலாச்சு, தெரியுமா ஒனக்கு?"

"அவ படிக்கல, ஃபெயிலானா."

"நான் மட்டும் கணக்குல கிழிக்கிறேனா?"

மகளுக்குக் கணக்கு எப்படி வரும் என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் வந்தது கிடையாது. பெண்ணை முகம் கழுவ அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, இந்த வருசம் அந்த மனுசன் சாப்புடணும். என் பொண்ணு கையால சாப்புடணும்."

மறுநாளே தலைமையாசிரியர் கோதண்டராமனிடம் போய் நின்றாள். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் விருந்தை முதலில் வைக்கலாமா என்று கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். "என்னம்மா பேசறே? சாப்பிட்டா ஜனங்க கையைக் கழுவிட்டுக் கெளம்பிடுவாங்க. சென்னையிலேருந்து வர்ற விருந்தாளி காலி நாற்காலிக்கா பேசுவார்?"

விருந்தாளி தேவேந்திரன் இதே பள்ளியில் படித்து, சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்.

ஸ்டெல்லா திரும்பும்போது மேஜை மேல் இருந்த அழைப்பிதழைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். "சார், அன்னிக்கு அமாவாசையாச்சே" என்றாள்.

"ஆமாம்மா. பார்த்துத்தான் வெச்சேன். அமாவாசை நல்ல நாள்தானே?"

அமாவாசை நல்ல நாள்தான். தஞ்சாவூரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செஞ்சியில் இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைதான் நாள். அன்று மத்தியானத்திலிருந்து ஸ்பெஷல் பஸ், வேன், ஷேர் ஆட்டோ என்று ஜனம் எங்கள் ஊர் வழியாகத்தான் மலையனூருக்குப் போகும். திண்டிவனம் ரோடு நகராது. அன்றைக்கு எங்கள் ஊரில் கல்யாணம்கூட மண்டபம் எந்த ரோட்டில் இருக்கிறது என்று யோசித்துத்தான் வைப்பார்கள்.

இதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"நல்ல நாள்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மற்ற வாத்தியார்கள் யாரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார்கள். அதற்குள் அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. "விருந்தாளியும் இந்த ஊர்க்காரர்தானே, பார்த்து முன்னாடியே கெளம்பிடுவார்" என்றார் தலைமையாசிரியர்.

விழா அன்று காய் நறுக்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். வழக்கமாக மத்தியானத்துக்கு மேல்தான் விருந்துக்கு அடுப்பு மூட்டுவாள். அன்று காலையிலேயே மூட்டிவிட்டாள். உதவிக்கு இருக்கிற சின்னப்பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யக்கா, ராத்திரி பந்திக்கு இப்பவே இன்னாக்கா அவசரம்? யாரு தொரத்துறா?"

"பேசாம தேங்காயத் துருவுடி."

"வெங்காயம் எங்கக்கா? உரிக்கலாம்னு பாத்தா மூட்டையே காணோம்."

"இன்னிக்கு வெங்காயம் இல்ல."

"சாம்பாருக்குமா?"

"சாம்பாருக்கும் இல்ல, வடைக்கும் இல்ல. பூண்டும் இல்ல. கெழங்கும் இல்ல, வாழக்கா வறுக்கப்போறேன்."

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்து, "இன்னா மாமா, ஒங்க மருமவ இன்னிக்கு சாமியாராயிட்டாளா?" என்றாள். நான் கத்தரிக்காயைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

விழா நாலு மணிக்கு. நாலு மணிக்குத் தர்மதாஸ் சார் வெள்ளைச் சட்டையோடு மைக்கில் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தார். பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். கரகாட்டப் பிள்ளைகள், பரதநாட்டியப் பிள்ளைகள், மயில் வேஷம் போட்ட ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள் எல்லாம் மத்தியானமே பவுடர் பூசி வரிசையில் நின்றுகொண்டிருந்தன. விருந்தாளி மட்டும் வரவில்லை.

தலைமையாசிரியர் போனில் பேசினார். "சார், எங்க இருக்கீங்க? … திண்டிவனம் ரோட்ல வல்லமா? … முன்னாடியும் பஸ், பின்னாடியும் பஸ்ஸா? … சரி சார், சரி சார்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பேசினார். அப்போதும் வல்லம்தான்.

மயில்களுக்குப் பசி வந்துவிட்டது. ஒரு மயில் அழுதது. அதைப் பார்த்து இன்னொரு மயில் அழுதது. கண் மை கன்னத்தில் வழிந்தது. கரகத்தைத் தலையில் வைத்திருந்த பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்காகவே காத்திருந்தவள் போல ஸ்டெல்லா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சார், சின்னப் புள்ளைங்க மயக்கம் போட்டு வுழுந்தா, வர்றவரு யாரு ஆடுறதப் பாப்பாரு? சாப்பாடு ரெடியா இருக்குது. போட்டுட்டா அதுங்க தெம்பா ஆடும்."

"ஜனங்க போயிடுவாங்களேம்மா."

"எங்க சார் போவாங்க? அவங்கவங்க புள்ள இன்னும் ஆடலியே."

தலைமையாசிரியர் கூட்டத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அழுகிற மயிலைப் பார்த்தார். "சரி, பந்தியைப் போடுங்க" என்றார்.

இலை போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேற்கே ராஜகிரி மலை. மற்ற ஊருக்கெல்லாம் சூரியன் தரையில் போய் விழும், எங்களுக்கு மலை நடுவிலேயே வாங்கிக்கொள்ளும். மயில்கள் ஒரு பக்கமும் வாத்தியார்கள் ஒரு பக்கமும் வரிசையாக உட்கார, அருள்ஜோதி தர்மதாஸ் சார் இலையில் தண்ணீர் தெளிக்க, சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது. மைதானம் முழுக்க நிழல்.

தர்மதாஸ் சார் மேற்கே திரும்பிப் பார்த்துவிட்டு, "பொழுது போயிடுச்சேம்மா" என்றார். அவருக்குக் கோபமில்லை, வருத்தமும் இல்லை. எப்போதும் போல உப்பை மட்டும் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஸ்டெல்லா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். அமாவாசையைக் கணக்குப் போட்டவள் மலையைக் கணக்குப் போடவில்லை. தினம் அந்த நிழலில் பாத்திரம் கழுவுகிறவள்!

அருள்ஜோதி அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அழவில்லை. வடக்கே கையை நீட்டி, அம்மா குரலிலேயே, "சார், போகல சார்! அங்க பாருங்க, வெயிலு இருக்குது!" என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பினோம். கிருஷ்ணகிரி மலை பாதிக்கு மேல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பாறை, மதில், உச்சியில் இருக்கிற மண்டபம் எல்லாவற்றிலும் நல்ல வெயில்.

"மறைஞ்சுதான் சார் இருக்குது, எறங்கல" என்றாள் அருள்ஜோதி.

தர்மதாஸ் சார் அந்த மலையையே பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் வாத்தியார், "யோசிக்காதீங்க நயினாரே, அதுவும் எறங்கிட்டே இருக்குது" என்றார்.

"நாங்க சமதரை ஊர்ல இருந்தவங்க. இந்த மலை கணக்கெல்லாம் எங்கம்மா சொல்லித் தரல" என்றார் தர்மதாஸ் சார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "மலை உச்சியில வெயில் இருக்கிற வரைக்கும் போடும்மா. போச்சுன்னா எழுந்துடுவேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆண்டு விழாவின் முதல் நிகழ்ச்சி என்றே சொல்லலாம். அருள்ஜோதி ஓடி ஓடிப் பரிமாறினாள். சோறு, பருப்பு, நெய், முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், வடை. பத்தாம் வகுப்பு முழுக்கத் தங்கள் வாத்தியார்களை விட்டுவிட்டு மைதானத்தில் நின்று மலையைக் காவல் காத்தது.

"சார், இன்னும் பாதி மலை இருக்குது, நிதானமா சாப்புடுங்க!"

"டேய், மதில தாண்டிடுச்சுடா!"

"ரசம்! ரசம் ஊத்துடி!"

"மெதுவா சாப்புட வுடுங்கடா, பொரை ஏறப்போவுது அவருக்கு" என்று சின்னப்பொண்ணு அதட்டினாள்.

கணக்கு வாத்தியார் இலை முன்னால் காலியாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு யாராச்சும் சோறு போடுவீங்களா?" என்று கேட்டார். யார் காதிலும் விழவில்லை.

நிழல் மேலே மேலே ஏறியது. மண்டபத்துக் கூரையில் மட்டும் வெயில் நின்றபோது, "பாயசம்! பாயசம்!" என்று பள்ளிக்கூடமே கத்தியது. தர்மதாஸ் சார் பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டு, கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். மலை உச்சியில் ஒரு கொட்டைப் பாக்கு அளவு வெளிச்சம் இருந்தது. பிள்ளைகள் அடித்த விசிலில் மைக் செட்காரர் என்னமோ ஏதோ என்று பாட்டைப் போட்டுவிட்டார்.

பந்தி எல்லாம் முடிந்து, சீரியல் விளக்கு போட்ட பிறகுதான் விருந்தாளியின் கார் வந்தது. ஜனம் ஒருவரும் போகவில்லை. வயிறு நிறைந்த மயில்கள் நன்றாகவே ஆடின, இரண்டு மட்டும் மேடையிலேயே கொட்டாவி விட்டன. தேவேந்திரன் சுருக்கமாகப் பேசினார், ஏனென்றால் அவருக்குப் பசி. ஸ்டெல்லா அவருக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

அவர் சாப்பிடும்போது தர்மதாஸ் சார் சமையல் கூடத்து வாசலுக்கு வந்தார். ஸ்டெல்லா அப்போதுதான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது தவக்காலம், அவளுக்கு நாளுக்கு ஒரு வேளைதான்.

"ஏம்மா ஸ்டெல்லா, விருந்துல உருளைக்கெழங்கே காணோமே?"

"மார்க்கெட்டுக்கு வரல சார்."

"வெங்காயம்?"

"அதுவும் வரல."

"பூண்டு?"

"சாப்புட்டீங்க இல்ல சார்? இப்ப இன்னா விசாரணை?"

அவர் சிரித்துவிட்டார். "இந்த ஊர்லயே பொறந்தவ நீ. அமாவாசைன்னா ரோடு எப்படி இருக்கும்னு ஹெச்சம்முக்கு நீ சொல்லலியா?"

"நல்ல நாளான்னு கேட்டாரு, நல்ல நாள்னு சொன்னேன். ரோட்டப் பத்தி அவரு கேக்கல சார்."

தர்மதாஸ் சார் தலையை ஆட்டிக்கொண்டே மைக்குக்குத் திரும்பிப் போனார். அருள்ஜோதி தோழிகளோடு நின்று சார் எதை எத்தனை தடவை கேட்டு வாங்கினார் என்று அளந்துகொண்டிருந்தாள். ஸ்டெல்லா அதைக் காதில் வாங்கிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். ஒரு வேளைச் சாப்பாடுதான் என்றாலும் அன்றைக்கு அவள் இரண்டு தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டாள்.