பிலோமினா டீச்சரின் ‘ம்’

பிலோமினா டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் கைப்பேசிப் புலனக் குழுவில் வந்தது. அதற்கு மேலே, மறுநாள் எல்லாரும் பள்ளிச் சட்டையில் வரவேண்டும் என்ற அறிவிப்பு. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் பாசாரில் மீன்காரர் மீனை வெட்டித் தரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். கைகளுக்கு நடுவே எங்கள் தலைமையாசிரியர், ‘ஒரு நல்முத்தை இழந்துவிட்டோம்’ என்று எழுதியிருந்தார். மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் இசை ஆசிரியை அவர். செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வருவார். அவருடைய இசையறைக்கு அடுத்த அறையில் நான் கணிதம் நடத்தினேன். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாமலே இப்போது உருகுகிறவர்களும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் வகுப்பில் கத்தி நான் கேட்டதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் கஞ்சிராவும் கிலுகிலுப்பையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரைச்சல் தலைக்கேறியதும் அவர் வலது கையை உயர்த்தி, வாயை மூடிக்கொண்டு, ‘ம்’ என்று இழுப்பார். பக்கத்துப் பிள்ளை அதைக் கேட்டு ‘ம்’ என்னும். பிறகு அடுத்தது. எல்லாரும் சேர்ந்து அறையே ‘ம்’ என்று ஆனதும் கையை மெல்ல இறக்குவார். கை இறங்கினால் சத்தம் நின்றுவிடும். அப்படி ஓர் அமைதியை எங்கள் பரீட்சை மண்டபத்தில்கூட நான் கண்டதில்லை.

“அது எப்படி அடங்குதுங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் எங்க அடக்கறேன் டீச்சர்? கதை கேக்கறவங்க ‘ம்’ கொட்டறாங்கல்ல, அதேதான். நான் இருக்கேன், நீ இருக்கியான்னு கேக்கறேன். கத்தினா பயத்துல வாய மூடிக்கும்ங்க. பயந்த பிள்ளைக்கு அப்புறம் பாட எங்க லா தொண்டை தொறக்கும்?”

சன்னலோரம் ஒரு கோரைப் பாய் கிடக்கும். கோபம் வந்த பிள்ளை, அழுகை வந்த பிள்ளை, ஒன்றும் பிடிக்காத பிள்ளை யாரானாலும் தானே போய் அதில் உட்காரலாம், தானே எழுந்து வரலாம். ஏன் என்று கேட்கமாட்டார். அது தண்டனை மூலை இல்லை என்பதால் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்கள். அம்மா வீட்டைவிட்டுப் போயிருந்த சமயத்தில் தர்ஷினி என்ற சிறுமி வாரக்கணக்காக அந்தப் பாயிலேயே இருந்தாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. ஒருநாள் டீச்சர் கையை உயர்த்தியபோது முதல் ‘ம்’ அந்தப் பாயிலிருந்து வந்தது. டீச்சர் அதைப் பற்றி யாரிடமும் பெருமையடிக்கவில்லை. இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

பிறகு ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார். பாதியில் வந்தார், இரைச்சல் உச்சத்தில் இருந்த நேரம். கை உயரும்வரை நிற்க அவருக்குப் பொறுமையில்லை. ‘வகுப்புக் கட்டுப்பாடு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், தலைமையாசிரியருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இசையறை கணினி அறையாக வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

“மியூசிக்தானே டீச்சர். கேண்டீன்ல பண்ணிக்கலாம் லா. காத்தோட்டமா இருக்கும்” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து எண்ணெய் நெடியிலும் தட்டு கழுவும் சத்தத்திலும் பாடம் நடந்தது. அந்த இரைச்சலில் ‘ம்’ மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. பாயை விரிக்க இடமில்லாமல் என்னிடம் கொடுத்து வைத்தார். அறையைத் திருப்பிக் கேட்டு அவர் போகும்போதெல்லாம், “பாக்கலாம்” என்ற பதிலோடு வருவார். எனக்கு வயிறு எரியும். அவரோ, “பாவம், அவருக்கும் மேலேருந்து பிரஷர்” என்பார். நோயில் விழுந்து மருத்துவமனையில் கிடந்த டீச்சரை நான் கடைசியாகப் பார்த்தபோதும் அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. “ரூம் என்னாச்சு டீச்சர்?” என்றுதான் கேட்டார். பூட்டியே கிடக்கிறது, கணினிகள் பெட்டியைவிட்டு இறங்கவேயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயின்ட் அடிக்கிறார்கள் என்றேன்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை, திடலில் நடந்த சபைகூடலில் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். பூட்டிய அந்த அறைக்கு டீச்சரின் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தார். உயிரோடு இருந்தவருக்குக் கொடுக்காத அறை, செத்தபிறகு பெயர்ப்பலகையாகக் கிடைத்தது. கைதட்டினார்கள். பிறகு, “இப்ப எல்லாரும் மௌன அஞ்சலி” என்றார்.

பிள்ளைகள் சலசலத்தார்கள். “டியாம்! பேசாதீங்க!” என்று ஒலிபெருக்கியில் கத்தினார். ஒரு கணம் அடங்கி மறுபடியும் சலசலப்பு. அப்போது, இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கும் தர்ஷினியின் வரிசையிலிருந்து ஒரு ‘ம்’ எழுந்தது. பக்கத்தில் ஒன்று. பின்னால் ஒன்று. திடல் முழுக்க ‘ம்’ என்று ஆகிவிட்டது.

“யாரு அங்க சத்தம் போடறது? நிறுத்துங்க” என்றார் தலைமையாசிரியர். நிற்கவில்லை. பிள்ளைகள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை உயர்ந்து மெல்ல இறங்கினால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அவருக்கு அது தெரியாது. அந்த வகுப்பில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பி, “டீச்சர், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க” என்றார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடி, ‘ம்’ என்றேன்.

பிலோமினா டீச்சரின் பாய் இப்போது என் கணித வகுப்பில் சன்னலோரம் கிடக்கிறது. அந்த ‘ம்’மும் என்னிடம் இருக்கிறது. அவருடைய பொறுமை மட்டும் எனக்கு வரவில்லை. வரவும் வேண்டாம்.