மோகன்ராஜ் தேடும் மண்டலம்

இந்திராணி சீனாவைப் பார்த்தவளில்லை. ஆனால் அங்கே ஊர்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செல்போன் கம்பெனிப் பயிற்சிக்கு அங்கே போன மகன் மோகன்ராஜ் சொல்லிக்கொடுத்தது. ஆந்திராவில் வடமாலபேட்டைப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிறவளுக்கு, போனை எடுத்தால் ஒரே கேள்விதான்: "எந்த ஊர்ல கீற?"

"இங்க மாகாணம்னா நம்ம ஸ்டேட்டு மாதிரிம்மா. அதுக்குள்ள சிட்டி, நம்ம ஜில்லா சைசுக்கு. அந்த சிட்டிக்குள்ள இன்னொரு சின்ன சிட்டிகூட இருக்கும். அப்புறம் டவுன், நம்ம மண்டலம் மாதிரி. அதுக்கடியில கிராமம்."

"சிட்டிக்குள்ள சிட்டியா? யார்கிட்ட கதை உடுற?"

"வயலு, மலை எல்லாம் சிட்டிக்குள்ளதாம்மா. விலாசம்கூட பெரிசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வருவாங்க. கதவு நம்பர் கடைசி."

நல்லா இருக்குடா உங்க நாயம் என்று சிரித்தாள் மகராசி.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மோகன்ராஜ் அங்கேயே பஸ் விபத்தில் போய்விட்டான். சாம்பல்கூட வீடு வந்து சேரவில்லை. மருமகள் காஞ்சனாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடு என்று ஊரார் சொன்னபோது, "அவ எம்பொண்ணு, எவளும் வாயத் தொறக்கக் கூடாது" என்று கரண்டியைத் தூக்கினாள் இந்திராணி. நர்ஸ் படிப்பு படிக்கவைத்தாள். திருப்பதியில் வேலைக்கு அனுப்பினாள். கடைசியில் மாப்பிள்ளையும் அவளே பார்த்து, தட்டும் மாற்றிவிட்டாள்.

மறுநாள் மதியம், பள்ளிக்கூடத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நம்பரே விழவில்லை.

"அம்மா, இந்தியா வந்துட்டேன்."

அவன் குரலேதான். பின்னால் ஒரு காற்றுச் சத்தம்கூட இல்லை. பேசி முடிப்பதற்குள் அறுந்துபோனது.

அடுத்த நாள், "ஆந்திரா வந்துட்டேம்மா." அதற்கடுத்த நாள், "சித்தூர் ஜில்லாவுல கீறேன்."

பெரிசிலிருந்து சின்னதுக்கு வந்துகொண்டிருந்தான். இந்திராணி பயந்தாளா? எங்கே! வாசலைக் கழுவிவிட்டாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் இருந்தபோது மறுபடி அடித்தது. இந்த முறை குரல் உடைந்திருந்தது.

"ஜில்லா பூரா தேடிட்டேம்மா. நம்ம மண்டலத்தையே காணோம்."

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அவன் செத்த பிறகுதான் ஜில்லாவைப் பிரித்தார்கள். வடமாலபேட்டை மண்டலம் இப்போது திருப்பதி ஜில்லா. பாவி மகனுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு மண்டலம், அப்புறம் ஊர், தெரு, கதவு.

"எங்கண்ணு..." என்று வாயெடுத்தாள்.

"சீக்கிரம் சொல்லும்மா. காஞ்சனாவக் கூட்டிக்கினு போவத்தான் வந்துக்கினு கீறேன்."

உள்ளே காஞ்சனா கல்யாணப் புடவைக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்த வாயிலிருந்து பாட்டு வந்து எத்தனை காலம்!

பெற்ற பிள்ளை வழி தெரியாமல் நிற்கிறான், அழைக்கக் கூடாதா? இந்திராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள்.

"சித்தூர் ஜில்லாதாண்டா கண்ணு" என்றாள். "அங்கயே நல்லா தேடு."

"சரிம்மா" என்றான் மோகன்ராஜ். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."