தாலுகா ஆபீஸில் ஆடிய மானிட்டர்

தாலுகா ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அவற்றுக்கு ஏதாவது வந்தால் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து நான்தான் பஸ் ஏறுவேன். ஒருநாள் எங்கள் தாலுகாவிலிருந்தே அழைப்பு. மானிட்டர் ஆடுகிறதாம், மூன்று வாரமாக. மூன்று வாரமும் அதை வேடிக்கை பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அந்த மூன்று வாரமும் அங்கே நடையாய் நடந்தவர் என் அப்பா. பண்ணையில் கூலிக்கு உழுதவர். உச்சவரம்புச் சட்டத்தில் அதே பண்ணையின் நிலம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவர் பேருக்கு வந்தது. இப்போது பண்ணையார் மகன் அது தன்னுடையது என்று மனுப் போட்டிருந்தான். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. அதற்குள் சிட்டா நகல் கிடைக்காவிட்டால் நிலம் போனதுதான். குமாஸ்தாவோ, திரை ஆடுகிறது, எழுத்தே தெரியவில்லை, அடுத்த வாரம் வா என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

நான் போனபோதும் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் மகன் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாது. எனக்கு நாற்காலி போட்டு 'சார்' என்றார். எட்டிப் பார்த்த அப்பாவிடம், அங்கேயே நில்லுய்யா என்றார். பகுத்தறிவுக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற ஆள் இந்தக் குமாஸ்தா. மானிட்டர் தலையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கிழக்கே பார்க்கத் திருப்பியும் வைத்துப் பார்த்தாராம். என்னத்தைச் சொல்ல!

மானிட்டரை ஒட்டினாற்போல் ஒரு டேபிள் ஃபேன், அவருக்கு மட்டும் காற்று வர. அந்தக் காலத்துக் குண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் மோட்டார் ஓடினால் படம் நடுங்கும். இதற்குப் போய் எலுமிச்சம்பழம். ஃபேனை நிறுத்தினேன், திரை அசையாமல் நின்றது. எனக்கு வியர்க்குமே சார் என்றார் குமாஸ்தா. ஊரே வெயிலில் நின்று வியர்த்தது அவர் கணக்கில் வரவில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டா எடுப்போம் என்று சொல்லி அப்பாவை உள்ளே கூப்பிட்டேன். அவருடைய பட்டா எண்ணைக் கேட்டதும் குமாஸ்தாவின் முகம் மாறியது. வேறு யாருடையதாவது எடுக்கலாமே என்று இழுத்தார். நானே தட்டினேன்.

அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பண்ணையார் மகன் பெயர். கீழே, பெயர் மாற்றிய தேதி. போன வாரம் செவ்வாய்க்கிழமை.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயரை வாசித்தேன், தேதியையும் வாசித்தேன். குமாஸ்தா ஃபேன் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. வழக்கமான அதே மரியாதையோடு அவரிடம் கேட்டார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் ஆடிச்சுங்களா?"