வலிக்காத குலம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகளின் பள்ளி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். தோழிகளோடு சேர்ந்து செல்போனில் ஆளுக்கொரு பாத்திரமாக எழுதும் கதைக்கு அவள் ஒரு போர்வீரனை உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேளேன். 'எங்கள் குலத்தில் வலிக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.' எப்படி இருக்கு?"

பாலிஷ் வாடை திடீரென்று மூக்கில் ஏறியது. நான் வளர்ந்த திருவான்மியூர் வீட்டில் ஞாயிறு என்றாலே இந்த வாடைதான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பா, பழைய பனியன் துணியால் தன் பூட்ஸை முகம் தெரியும்வரை தேய்ப்பார். கடல்காற்று அதில் உப்பைப் பூசிக்கொண்டே இருக்கும். அவரும் விடமாட்டார்.

எங்கள் வீட்டில் அடிபட்டால் அழக்கூடாது. நிமிர்ந்து நின்று, "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்னால் தோளில் ஒரு தட்டு கிடைக்கும். அந்தத் தட்டுக்காகவே அண்ணன் உடைந்த கையோடு பள்ளிக்கூடம் போய் வந்தான்.

அம்மாவும் பழகிக்கொண்டாள். ஒருநாள் காலை, அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லங்க."

அவள் தோளில் தட்டிவிட்டு அவர் தன் காவலாளி வேலைக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பியபோது வாசல் நிறையச் செருப்புகள். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அப்பா தலைமாட்டில் விறைப்பாக நின்றிருந்தார்.

"சொல்லும்மா, நல்லா இருக்கா?" மகள் மறுபடியும் கேட்டாள்.

"அந்த வீரனோட பொண்டாட்டிக்கு வலிச்சா என்ன பண்ணுவா?"

"அவளா? அவ கதையிலயே இல்லம்மா."