ஓடையில் ஊற்றிய பால்

கல்யாணம் முடித்த வருசமே நான் டென்மார்க் வந்துவிட்டேன். இருக்க அனுமதி கிடைத்ததும் மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்தேன். விபோர்க்குக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையில் வேலை. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணையும் மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பித்திருந்தார். எங்கள் எல்லோருடைய ஃபைலும் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

பன்றிச் சாணமும் மூத்திரமும் கழுவின தண்ணீரும் சேர்ந்ததை இங்கே கில்லே என்பார்கள். பயிருக்கு நல்ல பசளை. முன்பெல்லாம் அதைச் சேர்க்கும் தொட்டி நிறைந்தால் குளிரிலும் வயலில் ஊற்றுவார்களாம். உறைந்த நிலம் அதைக் குடிக்காது, ஓடைக்கு வழிந்துவிடும். கடலில் மீன் செத்தபிறகு புதுச் சட்டம் வந்தது. வசந்தம்வரை தொட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். கொமூன் என்கிற நகரசபையில் இருந்து ஒருவன் வந்து ஓடைத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் போவான். அவன் வரும் காரைக் கண்டாலே முதலாளிக்கு முகம் மாறும்.

"எங்கட ஃபைலும் உந்தத் தொட்டியும் ஒண்டுதான் தம்பி," என்பார் அண்ணை. "திறக்க விடுறாங்களில்லை. ஆனா உதுக்கெண்டா எப்ப திறக்கலாம் எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் என் மனைவி செத்துப்போனாள். கொழும்பில் இருந்து அவளுடைய தமையன் போன் எடுத்தான். காய்ச்சல். ஊரில் சண்டை, ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். எரித்தும் விட்டார்கள்.

ஊரில் என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலைக் கடலில் செய்திருப்பேன். இங்கே ஐயரும் இல்லை, கோயிலும் இல்லை.

"ஓடுற தண்ணி இருந்தாலே காணும். தெரிஞ்ச மாதிரிச் செய்," என்றார் அண்ணை.

சோறு அவித்து, எள்ளுப் போட்டுப் பிண்டம் பிடித்துத் தட்டில் வைத்தேன். பண்ணைக்குப் பின்னால் இருந்த ஓடையில் செருப்பில்லாமல் இறங்கினேன். கால் விறைத்தது. முதலில் பாலை ஊற்றினேன். தண்ணீர் வெள்ளையாக ஓடியது.

முதலாளி முற்றத்தில் இருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் என் கையில் இருந்த தட்டைப் பறித்தார். ஓடையில் எதுவும் விடக்கூடாது, நிறம் மாறியதை யாராவது கண்டால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்றார். பின்னால் வந்த அண்ணை டேனிஷில் விளங்கப்படுத்தினார். முதலாளி தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"அவ ஏன் இஞ்ச வரேல்லை எண்டு கேக்கிறான்," என்றார் அண்ணை.

"நீங்களே சொல்லுங்கோ."

அண்ணை தொட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். முதலாளி தட்டைத் திருப்பித் தந்தார். ஆனால் ஓடையில் விடச் சம்மதிக்கவில்லை. வயலைக் காட்டினார்.

தண்ணீரில் போகவேண்டிய பிண்டம். எனக்கு அந்த ஓடை மீன்களில்கூடக் கோபம் வந்தது. அதுகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்தேன், கல்லுமாதிரி இருந்தது. பிண்டத்தை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வசந்தத்தில், கில்லே ஊற்றலாம் என்று அனுமதி வந்த நாளே முதலாளி அந்த வயலில் தொடங்கச் சொன்னார். "நீ நில், நான் போறன்," என்றார் அண்ணை. நானே போனேன்.

அடுத்த வசந்தத்துக்குள் ஃபைல்கள் அசையத் தொடங்கின. அண்ணையின் மனைவியும் மகளும் வந்தார்கள். ஸ்டேசனில் அண்ணி என்னிடம் கேட்டார், "உங்கட ஆள் எப்ப வாறா?"

அண்ணை அதை அண்ணிக்கு எழுதவே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ வரமாட்டா, அண்ணி," என்றேன். "காய்ச்சலில மோசம் போயிட்டா."

காரில் ஊர் தாண்டி வயல்கள் வந்ததும் பிள்ளை மூக்கைப் பொத்தியது.

"என்னப்பா நாறுது?"

அண்ணை ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

"கில்லே," என்றேன் நான். "இப்ப ஊத்த விட்டிட்டினம்."